பே சிட்டி ரோலர்ஸ் என்ன ஆனார்கள், பணம் எங்கே போயிற்று?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. 1975-இல் பிரிட்டன் முழுக்கப் பள்ளிச் சிறுமிகளைக் கதறவைத்த ஸ்காட்லாந்துக் குழு பே சிட்டி ரோலர்ஸ், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏன் காணாமல் போனது, கரடுமுரடான, வேகமான பங்க் இசை வந்து அடித்துவிட்டதா என்பது ஒன்று. அத்தனை கோடி இசைத்தட்டு விற்ற பிறகும் அவர்கள் ஏன் காசில்லாமல் நின்றார்கள் என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: பங்க் காரணம் இல்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரியும், கீழே சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, இந்தக் குழுவில் எது யாருடையது என்று ஆரம்பத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

எடின்பரோவில் அலன் லாங்மியூர், டெரெக் லாங்மியூர் என்று அண்ணன் தம்பி. அலன் பேஸ் கிட்டார், டெரெக் டிரம்ஸ். அலனுக்குத் தொழில் பிளம்பிங். 60-களின் நடுவில் பீட்டில்ஸைப் பார்த்து ஆளுக்கொரு குழு தொடங்கிய காலம் அது, இவர்களும் தொடங்கினார்கள். முதலில் வைத்திருந்த பெயர்களில் ஒன்று சாக்ஸன்ஸ். அமெரிக்கத்தனமாக ஒரு பெயர் வேண்டும் என்று ஒருநாள் அமெரிக்க வரைபடத்தைச் சுவரில் மாட்டி அம்பு எறிந்தார்கள். முதல் அம்பு ஆர்க்கன்சா மாநிலத்தில் விழுந்தது. பெயர் பிடிக்கவில்லை. அடுத்தது மிச்சிகனில் உள்ள பே சிட்டி என்ற ஊரில் விழுந்தது. சரி, இது நன்றாக இருக்கிறது என்று பின்னால் ரோலர்ஸ் என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஊருக்கும் இவர்களுக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அப்புறம் மேலாளராக டாம் பேட்டன் வந்தார். எடின்பரோவின் பெரிய நடன அரங்கமான பாலேயில் சொந்தமாக ஒரு வாத்தியக் குழு நடத்தியவர், உருளைக்கிழங்கு வியாபாரக் குடும்பத்துக்காரர். பாட்டு எழுதத் தெரிந்தவர் இல்லை, ஒலிப்பதிவும் தெரியாது. எந்தப் பையனைப் பார்த்து எந்த வயதுப் பெண் கூச்சலிடுவாள் என்று மட்டும் துல்லியமாகத் தெரியும். 60-களின் பிற்பாதியிலிருந்து 1979 வரை இந்தக் குழுவில் யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும், என்ன உடுத்த வேண்டும், பேட்டியில் என்ன சொல்ல வேண்டும் எல்லாம் அவர் கையில் இருந்தது.

1971-இல் பெல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி இவர்களை ஒப்பந்தம் செய்தது. முதல் சிங்கிள் (தனிப்பாட்டாக விற்கும் தட்டு) "கீப் ஆன் டான்சிங்", அமெரிக்காவில் ஜென்ட்ரிஸ் குழு 1965-இலேயே ஹிட் ஆக்கிய பழைய பாட்டு. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 9-ஆம் இடம் வரை ஏறியது. தயாரிப்பாளர் ஜானதன் கிங். (இவர் 2001-இல் சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனவர். பேட்டனைப் பற்றிப் பின்னால் வரும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.) முதல் பாட்டே முதல் பத்துக்குள் வந்தால் அடுத்தது தானாக ஓடும் என்று நினைப்போம் இல்லையா? ஓடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்தப் பாட்டும் எடுபடவில்லை. 1973-இல் "சாட்டர்டே நைட்" என்று ஒரு பாட்டு வெளியானது. அதுவும் படுத்துவிட்டது. இந்தப் பாட்டின் பெயரை மறந்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் குழுவின் பாடகர் கோர்டன் கிளார்க், எல்லாரும் நாபி என்று கூப்பிடுவார்கள். அலுத்துப்போய் 1973 கடைசியில் அவர் விலகிவிட்டார். பேட்டன் உடனே பதினெட்டு வயது லெஸ் மெக்கியோனைக் கொண்டுவந்தார். எரிக் ஃபாக்னர் ஏற்கெனவே கிட்டாருக்கு வந்திருந்தார். 1974 தொடக்கத்தில் ஸ்டூவர்ட் உட் சேர்ந்தார், செல்லப்பெயர் உடி. இந்த ஐந்து பேர்தான் நாம் போஸ்டரில் பார்க்கிற ரோலர்ஸ்.

இதில் ஒரு வேடிக்கை. கிளார்க் போவதற்கு முன் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்துவைத்திருந்தார்: "ரிமெம்பர்". ரசிகைகளின் முகவரிகளுக்குக் குழுவின் படம் போட்ட அட்டைகளை மூட்டை மூட்டையாக அனுப்பி விளம்பரம் செய்தார்கள். 1974 தொடக்கத்தில் பாட்டு 6-ஆம் இடத்துக்கு ஏறியது. தட்டில் ஒலிப்பது கிளார்க்கின் குரல். மேடையில் நிற்பது மெக்கியோன். இரண்டரை ஆண்டு காத்திருந்து ஒரு ஹிட் கிடைத்த நேரத்தில், அதைப் பாடியவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆல்பம் வெளியிடும்போது பாட்டை மெக்கியோன் குரலில் திரும்பப் பதிந்துகொண்டார்கள்.

குழுவின் ஆரம்பகால ஆட்கள் இன்னும் இரண்டு பேரையும் சொல்ல வேண்டும். டேவிட் பேட்டன் (மேலாளருக்கு உறவு இல்லை), பில்லி லயால். மேலாளர் பேட்டனின் ஆளுகை பிடிக்காமலோ சலித்தோ போன பலரில் இவர்களும் அடக்கம். போய் பைலட் என்று ஒரு குழு தொடங்கினார்கள். 1975 பிப்ரவரியில் அவர்களுடைய "ஜனவரி" பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ரோலர்ஸுக்கு முதலிடம் கிடைத்தது அதற்கு அடுத்த மாதம்தான்! சொந்தமாக எழுதி, சொந்தமாக வாசிக்கிறவர்கள் வெளியே போனார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1974-இல் ரோலர்ஸின் பாட்டுகளை எழுதித் தயாரித்தது பில் மார்ட்டின், ஃபில் கூல்டர் என்ற இருவர். ஒருவர் கிளாஸ்கோ, மற்றவர் அயர்லாந்தின் டெரி. 1967-இல் யூரோவிஷன் போட்டியில் சாண்டி ஷா பாடி வென்ற பாட்டு இவர்களுடையது. அடுத்த ஆண்டு கிளிஃப் ரிச்சர்ட் பாடிய "கங்கிராஜுலேஷன்ஸ்" கூட இவர்கள் கைவரிசைதான். கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்கிற பாட்டுச் செய்வதில் கெட்டிக்காரர்கள். "ஷாங்-எ-லாங்" 2-ஆம் இடம், "சம்மர்லவ் சென்சேஷன்" 3-ஆம் இடம், "ஆல் ஆஃப் மீ லவ்ஸ் ஆல் ஆஃப் யூ" 4-ஆம் இடம், எல்லாம் ஒரே ஆண்டுக்குள். ஆனால் அந்த சிங்கிள்களில் வாசித்தது பெரும்பாலும் லண்டன் ஸ்டூடியோக்களில் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கும் செஷன் கலைஞர்கள். ரோலர்ஸ் வந்து பாடிவிட்டுப் போனார்கள். பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டு கிண்டலடித்தன. அந்தக் காலத்தில் இது ரொம்பச் சாதாரணம், ரோலர்ஸ் மட்டும் செய்த மோசடி இல்லை. இருந்தாலும் அந்தக் கறை போகவே இல்லை. ஃபாக்னரையும் உட்டையும் அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

உடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கெண்டைக்கால் வரை மட்டும் வரும் அகலமான வெள்ளைக் கால்சட்டை, அதன் ஓரங்களில் டார்ட்டன், அதாவது ஸ்காட்லாந்துக் குலங்களுக்குரிய கட்டம் போட்ட துணி. கோடு போட்ட சாக்ஸ், மணிக்கட்டில் கட்டிய டார்ட்டன் துண்டு. இன்றைக்குப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அபாரமான யோசனை. ஏனென்றால் இதை ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய கால்சட்டையின் விளிம்பில் அம்மாவிடம் சொல்லி ஒரு முழம் துணியைத் தைத்துக்கொண்டால் போதும், அவளும் ரோலர்ஸ் கூட்டத்தில் ஒருத்தி. கால்பந்து மைதானத்தில் கழுத்துத் துண்டை வைத்தே யார் எந்த அணி என்று தெரியுமே, அதே கணக்கு. கால்பந்து மைதானம் பையன்களின் இடமாக இருந்த காலத்தில், சிறுமிகளுக்கென்று ஒரு கொடியும் ஒரு கோஷமும் கிடைத்தது. ரோலர்ஸ் பாட்டுகளில் கைதட்டலும் கோஷமும் அத்தனை இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

கூடவே ஒரு பிம்பம். ரோலர்ஸ் பால் குடிப்பார்கள். சிகரெட் கிடையாது, மது கிடையாது, காதலி கூடவே கூடாது. பேட்டன் பத்திரிகைக்காரர்களிடம் விடாமல் சொல்லிவந்தது இதைத்தான். வயதையும் குறைத்துச் சொன்னார்கள். 1975 கோடையில் அலனுக்கு உண்மையில் 27 வயது, உட்டுக்குப் பதினெட்டு.

1975 மார்ச்சில் "பை பை பேபி" வெளியாகி ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. அமெரிக்காவின் ஃபோர் சீசன்ஸ் குழு 1965-இல் பாடியதுதான். தயாரிப்பாளர் இப்போது ஃபில் வெய்ன்மன். அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகம் விற்ற சிங்கிள் அது. ஜூலையில் "கிவ் எ லிட்டில் லவ்" மறுபடி முதலிடம். கிரனாடா தொலைக்காட்சியில் "ஷாங்-எ-லாங்" என்ற பெயரிலேயே வாராந்திர நிகழ்ச்சி. ரோலர்மேனியா என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

அது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காட்சி போதும். 1975 மே மாதம், மல்லரி பார்க் பந்தயத் திடலில் பிபிசி ரேடியோ 1 நடத்திய கேளிக்கை நாள். ரோலர்ஸ் அங்கே பாடக்கூட வரவில்லை, சும்மா முகம் காட்ட வந்தார்கள். பாதுகாப்புக்காக அவர்களை ஏரி நடுவில் இருந்த தீவில் வைத்தார்கள். சிறுமிகள் துணியோடு ஏரியில் குதித்து நீந்த ஆரம்பித்துவிட்டார்கள். முக்குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்கி ஒவ்வொருத்தியாக இழுத்துக் கரை சேர்க்க வேண்டியிருந்தது. இந்தக் களேபரத்துக்கு நடுவே, பிரபல ஒலிபரப்பாளர் டோனி பிளாக்பர்ன் அதே ஏரியில் ஒரு வேகப்படகில் சுற்றிக்கொண்டிருந்தார். படகை ஓட்டியது வாம்பிள், அதாவது சிறுவர் தொடரில் வரும் ரோமப் பொம்மை வேடம் போட்ட ஒருவர். இதை நேரில் பார்த்த இன்னொரு ஒலிபரப்பாளர் ஜான் பீல் வாழ்நாள் முழுக்க இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அதே மாதம் நடந்த இன்னொன்று அவ்வளவு வேடிக்கையானது அல்ல. மெக்கியோன் எடின்பரோவில் கார் ஓட்டிப் போகும்போது ஒரு மூதாட்டி அடிபட்டு இறந்தார். பொறுப்பற்று ஓட்டியதாக மெக்கியோன் மீது தீர்ப்பு. அபராதமும் ஓராண்டு ஓட்டுநர் தடையும். அந்தக் குற்ற உணர்வு தன்னை விடவே இல்லை என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது பத்தொன்பது வயது. நிகழ்ச்சிகள் நிற்கவில்லை, அடுத்த ஊர், அடுத்த மேடை என்று ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

இனி அமெரிக்கா. பெல் ரெக்கார்ட்ஸ் இதற்குள் அரிஸ்டா என்று மாறி, கிளைவ் டேவிஸ் தலைமையில் இயங்கியது. பிரிட்டனில் ஓடியவற்றை விட்டுவிட்டு, அங்கே படுத்த "சாட்டர்டே நைட்" பாட்டை அவர் அமெரிக்காவுக்குத் தேர்ந்தெடுத்தார், மெக்கியோன் குரலில் பதிந்த வடிவத்தை. 1975 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் ஹோவர்ட் கோசெல் புதிதாகத் தொடங்கிய "சாட்டர்டே நைட் லைவ்" நிகழ்ச்சியில் லண்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ரோலர்ஸைக் காட்டினார்கள். (இன்று நாம் அறிந்த அதே பெயருள்ள நிகழ்ச்சி வேறு. கோசெலுடையது சில மாதங்களிலேயே மூடப்பட்டது.) அடுத்த பீட்டில்ஸ் என்று தம்பட்டம் அடித்தார்கள். 1976 ஜனவரி 3 தேதியிட்ட அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டில் "சாட்டர்டே நைட்" முதலிடம். சொந்த நாட்டில் யாரும் சீந்தாத பாட்டு!

அந்தப் பாட்டு இன்னொரு வேலையும் செய்தது. "எஸ், ஏ, டி, யூ..." என்று எழுத்துக் கூட்டிக் கத்தும் அதன் தொடக்கம் நியூயார்க்கின் பங்க் குழுவான ரமோன்ஸுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்களுக்கும் ஒரு கோஷம் வேண்டும் என்றுதான் "பிளிட்ஸ்கிரீக் பாப்" பாட்டில் அந்தப் புகழ்பெற்ற "ஹே ஹோ, லெட்ஸ் கோ" வந்தது. அந்தக் குழுவின் பாடகர் ஜோயி ரமோனே சொன்னது இது. ரோலர்ஸைக் கொன்றதாகச் சொல்லப்படும் பங்க் இசையின் முதல் முழக்கத்துக்கு முன்மாதிரியே ரோலர்ஸ்தான்.

சரி, பங்க் தேதிகளுக்கு வருவோம். ரோலர்ஸ் பிரிட்டனில் கடைசியாக முதல் பத்துக்குள் வந்தது 1976 செப்டம்பரில், டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் பழைய பாட்டு ஒன்றைப் பாடி, 4-ஆம் இடம். பிரிட்டனின் பேர்பெற்ற பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் சிங்கிள் வெளியானதே அதற்குப் பிறகு, 1976 நவம்பர் கடைசியில். அப்போதே ரோலர்ஸ் ஒரு வருடமாக இறங்குமுகத்தில் இருந்தார்கள். 1975 ஜூலைக்குப் பிறகு முதலிடம் கிடைக்கவே இல்லை. முதல் இரண்டு ஆல்பங்கள் முதலிடம், மூன்றாவது 3, நான்காவது 4.

பங்க் வந்த பிறகும் ஜனரஞ்சகப் பாட்டு ஒன்றும் செத்துப்போகவில்லை. ஷோவாடிவாடி குழு 1976 டிசம்பரில் முதலிடத்தில் இருந்தது. அபா கொடிகட்டிப் பறந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பங்க் ஆண்டு என்று சொல்லப்படும் 1977-இன் கடைசியில் பிரிட்டனையே ஆட்கொண்ட பாட்டு எது? பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு, ஸ்காட்லாந்துத் தீபகற்பம் ஒன்றைப் பற்றி, உள்ளூர் பைப் வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு பாடிய "மல் ஆஃப் கின்டயர்". இருபது லட்சத்துக்கு மேல் விற்றது, பிரிட்டனில் அந்த எண்ணைத் தாண்டிய முதல் சிங்கிள். டார்ட்டனும் ஸ்காட்லாந்தும் அலுத்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் என்னதான் நடந்தது? மூன்று விஷயம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது என்பேன்.

முதலாவது, அமெரிக்காவையும் ஜப்பானையும் பிடிக்கப் போனவர்கள் வீட்டை விட்டுவிட்டார்கள். 1976 முழுக்கப் பயணம். பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு ஓராண்டு என்பது ஒரு யுகம். அவள் பதினான்காகும்போது ரோலர்ஸ் ஊரில் இல்லை, அவள் வேறு யாரையோ பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த தங்கைக்கு ரோலர்ஸ் என்றால் அக்காவின் பைத்தியம், அவ்வளவுதான்.

இரண்டாவது, முகங்கள் மாறின. வயதாகிவிட்டது என்ற எண்ணமும் அலுப்பும் சேர்ந்து அலன் 1976-இல் விலகினார். வட அயர்லாந்திலிருந்து பதினேழு வயது இயன் மிட்செல் வந்தார், சில மாதங்களில் போனார். எடின்பரோ பையன் பேட் மெக்கிளின் வந்தார், அவரும் சில மாதங்களில் போனார். பாட்டுக்காகக் கேட்கப்படும் குழுவில் ஓர் ஆள் மாறினால் தாங்கும். சுவரில் ஒட்டும் படத்துக்காக விரும்பப்படும் குழுவில் ஒரு முகம் மாறினால், அந்த முகத்தை வரித்துக்கொண்டிருந்த ஐந்தில் ஒரு பங்குச் சிறுமிகள் போய்விடுவார்கள்.

மூன்றாவது, அவர்கள் நிஜமான இசைக்கலைஞர்களாக மாற ஆசைப்பட்டார்கள். இதில்தான் எனக்கு அவர்கள்மேல் பரிதாபமும் மரியாதையும். 1975 கடைசியில் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளை ஃபாக்னரும் உட்டும் எழுதினார்கள். அவர்கள் எழுதிய "மணி ஹனி" பிரிட்டனில் 3, அமெரிக்காவில் 9. மோசமான பாட்டே இல்லை, நல்ல கிட்டார் வேலை. ஆனால் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பெரியவர்கள் இவர்களைக் கேட்கத் தயாராக இல்லை. கேட்கத் தயாராக இருந்த சிறுமிகளுக்குப் பழைய ரோலர்ஸ்தான் வேண்டியிருந்தது. 1977-இல் "இட்ஸ் எ கேம்" 16-ஆம் இடம். அடுத்து "யூ மேட் மீ பிலீவ் இன் மேஜிக்" 34. பிரிட்டனில் அதுவே கடைசி. இதே பாட்டு அமெரிக்காவில் 10-ஆம் இடம் வரை போயிற்று.

1978 கடைசியில் மெக்கியோன் விலகினார். தென்னாப்பிரிக்கப் பாடகர் டங்கன் ஃபோர் வந்தார். 1979-இல் பேட்டனை நீக்கினார்கள். பே சிட்டியைக் கழற்றிவிட்டு வெறும் ரோலர்ஸ் என்ற பெயரில் மூன்று ஆல்பம். அவற்றில் 1979-இன் "எலிவேட்டர்" கேட்கத் தகுந்தது, பவர்பாப், அதாவது கிட்டார் ஓங்கி ஒலிக்கும் இனிமையான பாப், பிடிக்கும் என்றால். யாரும் வாங்கவில்லை.

பேட்டனைப் பற்றி இப்போது சொல்கிறேன். 1982-இல் பதின்வயதுப் பையன்களிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்ட குற்றத்துக்காக அவருக்கு மூன்று ஆண்டுச் சிறை, ஓராண்டு உள்ளே இருந்தார். 2004-இல் கஞ்சா விற்ற குற்றத்துக்குப் பெரும் அபராதம். 2009-இல் இறந்தார். மெக்கிளின் 2003-இல், குழுவில் இருந்தபோது பேட்டன் தன்னை வன்புணர முயன்றார் என்று போலீசில் புகார் கொடுத்தார். ஆதாரம் போதாது என்று வழக்கு நடக்கவில்லை. பேட்டன் தன்னை வன்புணர்ந்தார் என்று மெக்கியோனும் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 2023-இல் ஐடிவி-யில் வந்த ஆவணப்படத்தில் வேறு பலரும் பேசினார்கள். பால் குடிக்கும் பையன்கள், காதலி கூடாது என்ற கட்டுப்பாடு, சரியாகத் தூங்கவிடாமல் வேலை வாங்கியது, மாத்திரைகள் இதையெல்லாம் இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. வந்துபோன பையன்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஓடினார்கள் என்ற கேள்விக்கு "வேலைப்பளு" என்பது முழுப் பதிலாக இருக்க முடியாது.

இனி பணம். பத்துக் கோடிக்கு மேல் தட்டு விற்றது என்று குழுவின் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. இன்னும் பெரிய எண்களும் உலவுகின்றன. நான் அந்த எண்களைச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வேன். பாதியாகக் குறைத்தாலும் பெரிய தொகைதான்.

ராயல்டி எப்படி வருகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஒரு சிங்கிள் விற்றால் அதில் இரண்டு உரிமை இருக்கிறது. பாட்டை எழுதியவருக்கு ஒன்று, பதிவில் பாடியவருக்கு ஒன்று. எழுதியவரின் பங்கு நேராக அவருக்கோ அவருடைய பதிப்பாளருக்கோ போய்ச் சேரும், அதில் யாருடைய செலவையும் கழிக்க மாட்டார்கள். "ஷாங்-எ-லாங்" விற்றால் மார்ட்டினுக்கும் கூல்டருக்கும் காசு. "பை பை பேபி" விற்றால் ஃபோர் சீசன்ஸுக்காக அதை எழுதியவர்களுக்குக் காசு. ரோலர்ஸின் இரண்டு பெரிய ஆண்டுகளின் பெரிய பாட்டுகள் ஒன்றுகூட ரோலர்ஸ் எழுதியது இல்லை, "மணி ஹனி" நீங்கலாக.

மிச்சம் இருப்பது பதிவின் ராயல்டி. சும்மா ஒரு கணக்குக்கு, ஒரு தட்டு விலையில் நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஸ்டூடியோ வாடகை, செஷன் கலைஞர் சம்பளம், முன்பணம், இவையெல்லாம் அந்த ஐந்திலிருந்து கழிக்கப்படும், கம்பெனியின் தொண்ணூற்றைந்திலிருந்து அல்ல. பிறகு மேலாளர் பங்கு. மீதியை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு வரி. அப்போது பிரிட்டனில் சம்பாத்தியத்துக்கான உச்ச வரி நூற்றுக்கு 83. பெரிய பாடகர்கள் பாதிப் பேர் நாட்டை விட்டே ஓடிய காலம் அது. ரோலர்ஸுக்கு ஆலோசகர்கள் வந்து, வரியைத் தவிர்க்க நிறுவனத்துக்குள் நிறுவனம் என்று ஏற்பாடு செய்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் பையன்கள் போட்டார்கள். உட்டுக்கு அப்போது பதினெட்டு வயதுகூடச் சரியாக ஆகவில்லை. செலவுக்கு வாரச் சம்பளம் மாதிரி கொஞ்சம் கையில் வந்தது. பெரிய பணம் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நம்பினார்கள்.

அந்த ஏற்பாடே பின்னால் கழுத்தை நெரித்தது. பழைய தட்டுகள் தொடர்ந்து விற்றன, அப்புறம் சிடி, தொகுப்பு ஆல்பங்கள், ஜப்பான் மறுவெளியீடுகள். ராயல்டி மட்டும் வரவில்லை. அரிஸ்டா தரப்பு சொன்ன விளக்கம்: யாருக்குக் கொடுப்பது என்று தெளிவாக இல்லை. கேட்டால் அபத்தமாகத் தோன்றும், ஆனால் ரோலர்ஸ் பக்கத்திலும் அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். குழுவில் வந்துபோனவர் எத்தனை பேர்! யார் ரோலர், யார் இல்லை? பெயர் யாருக்குச் சொந்தம்? 80-களிலும் 90-களிலும் ஆளுக்கொரு ரோலர்ஸ் குழு நடத்திக்கொண்டு, பெயருக்காக ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள்.

கடைசியில் 2007-இல் ஃபாக்னர், உட், மெக்கியோன், லாங்மியூர் சகோதரர்கள், ஃபோர் ஆகிய ஆறு பேர் சேர்ந்து நியூயார்க்கில் அரிஸ்டா மீது வழக்குப் போட்டார்கள். கிளார்க், மிட்செல், மெக்கிளின் மூவரும் தங்களுக்கும் பங்கு உண்டென்று தனியாகக் கிளம்பினார்கள். வழக்கின் பெரிய பகுதி, பணம் எவ்வளவு என்பதைப் பற்றியே இல்லை. இவ்வளவு பழைய கடனைக் கேட்கும் உரிமை காலாவதி ஆகிவிட்டதா என்பதைப் பற்றி. நம் ஊர் கடன் பத்திரத்துக்கு மூன்று வருடக் கெடு இருக்கிறதே, அது மாதிரி அங்கே ஆறு. கம்பெனி இடையில் எழுதிய கடிதங்கள் "பாக்கி இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டவையா, இல்லையா என்று வரி வரியாக வாதிட்டார்கள். 2016-இல் சமரசம் ஆனது. ஆளுக்குக் கிடைத்தது சுமார் 70,000 பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. நாற்பது வருடம் காத்திருந்து ஒரு சுமாரான கார் விலையோ, இரண்டு கார் விலையோ.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், ஒரே ஒரு திருடனைத் தேடாதீர்கள் என்பதுதான். பேட்டன் பையன்களுக்குச் செய்தது பெரிய கொடுமை, ஆனால் ராயல்டி முழுவதையும் அவர் ஒருவரே விழுங்கினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பாட்டு வேறொருவருடையது, வாசித்தது வேறு சிலர், பெயர் பொதுவில், ஒப்பந்தம் நிறுவனங்களின் பெயரில். இவர்களிடம் இருந்தது முகம் மட்டும். முகத்துக்கு ராயல்டி கிடையாது.

அலன் திரும்பவும் பிளம்பிங் வேலைக்கே போனார், கட்டட ஆய்வாளராகவும் இருந்தார். 2015 டிசம்பரில் அவரும் மெக்கியோனும் உட்டும் சேர்ந்து கிளாஸ்கோவின் பாரோலேண்ட் அரங்கில் மேடையேறினார்கள். டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் கால்சட்டை விளிம்பில் டார்ட்டன் தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அலன் 2018-இலும், மிட்செல் 2020-இலும், மெக்கியோன் 2021-இலும் காலமானார்கள்.

கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால் வெற்றிப் பாட்டுத் தொகுப்பில் தொடங்காதீர்கள். "சாட்டர்டே நைட்" பாட்டின் இரண்டு பதிவையும் தேடிப் பிடியுங்கள்: 1973-இல் நாபி கிளார்க் பாடி யாரும் வாங்காதது, மெக்கியோன் பாடி அமெரிக்காவில் முதலிடம் போனது. அடுத்தடுத்துக் கேளுங்கள். பாட்டு அதேதான், கோஷமும் அதேதான். எனக்கு இன்றும் கிளார்க்கின் குரல்தான் ஒரு மாற்று கூடுதலாகப் படுகிறது.